கூட்டாக கேம் விளம்பரம் செய்யலாம் என்று யாராவது எஸ்டிகே கொடுத்தால்

என் கேம் பிளே ஸ்டோரிலிருந்து 19 நாள் காணாமல் போயிருந்தது. கையிலிருந்து 8,500 ரூபாய் போனது. மூன்று மாதமாகச் சேர்ந்திருந்த விளம்பர வருமானத்தில் பெரும்பகுதியும் போனது. தனியாக உட்கார்ந்து மொபைல் கேம் செய்கிற யாராவது ஒரு ‘கூட்டு விளம்பரக் குழு’வில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான்.

முதலில் என் கேம். மதுரை டவுன் பஸ்ஸில் நீங்கள் கண்டக்டர். மாட்டுத்தாவணியில் பஸ் கிளம்பும். பெரியார் நிலையம் வருவதற்குள் எல்லோருக்கும் டிக்கெட் கிழித்து, சரியான சில்லறையும் கொடுத்து முடிக்க வேண்டும். ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டும் பெரியவர்தான் வில்லன். (சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். பாதிப் பயணிகளுக்குச் சில்லறை வேலையே இல்லாமல் கேம் சப்பென்று ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் சொகுசு பஸ்ஸாக மாற்றினேன்.) பகலில் பில்லிங் சாஃப்ட்வேர் வேலை, ராத்திரியில் இது. கோடாட் என்ற கேம் செய்யும் மென்பொருளில் ஒன்றரை வருடம் ஆனது.

2025 ஜனவரியில் 25 டாலர் கட்டி, பிளே ஸ்டோரில் கேம் வெளியிடுகிறவர்களுக்கான பிளே கன்சோலில் கணக்கு தொடங்கினேன். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கும், கேமை நேராக வெளியிட விடமாட்டார்கள். முதலில் நாம் அழைக்கிற ஆட்கள் மட்டும் விளையாடிப் பார்க்கும் மூடிய சோதனை நடத்த வேண்டும். ஆரம்பத்தில் 20 பேர் கேட்டார்கள், 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். எனக்கு வீட்டில் நாலு பேர், ஆபீஸில் மூன்று பேர். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிற ஆளைத் தேடி அலைந்தபோதுதான் ஒரு டெலிகிராம் குழு கிடைத்தது. உன் கேமை நான் போடுகிறேன், என் கேமை நீ போடு, அவ்வளவுதான் அங்கே விதி. திருப்பூரிலிருந்து ஒருவர் பனியன் கம்பெனி கணக்குப் பார்த்துக்கொண்டே புதிர் கேம் செய்தார். யாழ்ப்பாணத்துத் தங்கை ஒருத்தி சொல் விளையாட்டு செய்திருந்தாள். மொத்தம் 17 பேர். ஒருவர் கேமில் இன்னொருவர் பிழை கண்டுபிடித்து ராத்திரி ஒரு மணிக்கு வீடியோ எடுத்து அனுப்புவோம். ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாங்கள் பேராசையில் ஏமாறவில்லை. நன்றாக இருந்த ஒரு கூட்டத்துக்குள் வந்துதான் அவர் ஏமாற்றினார்.

ஏப்ரலில் அவர் வந்தார். பெயர் சொல்லப் போவதில்லை, ஒருங்கிணைப்பாளர் என்றே வைத்துக்கொள்வோம். பேச்சு இனிமை, எல்லோரையும் ‘ப்ரோ’ என்பார், பெண்களை ‘சிஸ்’ என்பார். 2010இல் சின்ன சின்ன கேம்களை ஒன்றாகக் கட்டி, விரும்பிய விலை கொடுங்கள் என்று விற்ற ஹம்பிள் இண்டி பண்டிலைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். அது பத்து லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது உண்மைதான். தனியாகக் கத்தினால் யார் காதிலும் விழாது, சேர்ந்து கத்துவோம் என்றார். எங்களுக்கும் அதே நினைப்புதான். விளம்பரத்துக்கு நூறு ரூபாய் செலவழித்தால் பத்து ரூபாய் திரும்பி வருகிற தொழில் இது, பெரிய கம்பெனிகளோடு ஏலத்தில் நின்று ஜெயிக்க முடியாது.

அவர் சொன்ன திட்டம் இது. ஒவ்வொரு கேமிலும் ஒரு எஸ்டிகே, அதாவது வேறொருவர் எழுதித் தரும் நிரல் தொகுப்பு, சேர்க்க வேண்டும். லெவல் முடியும்போது குழுவில் இருக்கிற இன்னொருவர் கேமின் பேனர் வரும். நீங்கள் ஒரு தடவை காட்டினால் ஒரு கிரெடிட், அதன் வழியாக யாராவது இன்ஸ்டால் செய்தால் பத்து கிரெடிட். சேர்த்த கிரெடிட்டுக்கு உங்கள் பேனர் மற்றவர்கள் கேமில் ஓடும். கிரெடிட் போதவில்லை என்றால் காசு கொடுத்தும் வாங்கலாம். சேர்க்கைக் கட்டணம் 3,500. “25 இடம்தான் ப்ரோ, 21 முடிஞ்சது.”

வீட்டில் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்ட அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “சீட்டு மாதிரிதானப்பா இது? நோட்டு யார்கிட்ட இருக்கு?”

நோட்டு அவரிடம் இருந்தது. அவருடைய டாஷ்போர்டில் அவர் காட்டுகிற எண்தான் கணக்கு. பதினேழு பேரும் கோடு எழுதுகிறவர்கள், ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. நான் அம்மாவிடம் சிரித்துவிட்டு, அவருடைய சொந்த யுபிஐ ஐடிக்குப் பணம் அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, கம்பெனி பதிவு நடந்துகொண்டிருக்கிறது, ஜிஎஸ்டி எண் வந்ததும் தருகிறேன் என்றார். இன்றுவரை வரவில்லை.

எஸ்டிகே என்று அவர் கொடுத்தது ஒரு ஏஏஆர் கோப்பு, ஆண்ட்ராய்டு கேமில் அப்படியே சேர்த்துக்கொள்கிற நிரல் பொதி. மூலக் கோடு கிடையாது, பொதுத் தளம் எதிலும் வெளியிடப்பட்டதும் இல்லை, டெலிகிராமிலேயே அனுப்பினார். அதைச் சேர்த்து பிளே கன்சோலில் ஏற்றியபோது ஒரு படிவம் குறுக்கே வந்தது. போனில் இருக்கிற எல்லா ஆப்களின் பட்டியலையும் பார்க்கும் அனுமதியை ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டது. நான் அப்படி எதையும் கேட்கவில்லை. இப்படி வெளி நிரல் ஒன்றைச் சேர்த்தால் அதன் மேனிஃபெஸ்டில் (என்னென்ன அனுமதி வேண்டும் என்று அறிவிக்கும் கோப்பு) இருக்கிற அனுமதிகளும் நம் மேனிஃபெஸ்டோடு கலந்துவிடும், அப்படி வந்தது அது. ஏற்கெனவே அந்த கேம் போனில் இருந்தால் பேனர் காட்டாமல் இருக்கத்தான் இது என்றார் ஒருங்கிணைப்பாளர். படிவத்தில் எழுத வேண்டிய வாசகத்தையும் அவரே அனுப்பினார். அதை அப்படியே ஒட்டினேன். இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. கூகுள் நேராகக் கேட்ட கேள்விக்கு, எனக்கே தெரியாத பதிலை என் பெயரில் நான்தான் கொடுத்தேன்.

முதல் மூன்று வாரம் கொண்டாட்டம். நாளுக்கு 30, 40 என்று இருந்த இன்ஸ்டால் 300ஐத் தாண்டியது. கிரெடிட் இன்னும் வேண்டும் என்று 5,000 ரூபாய்க்கு வாங்கினேன். திருப்பூர்க்காரர் என்னைவிட அதிகம் போட்டார்.

அப்புறம்தான் எண்களைப் பிரித்துப் பார்த்தேன். வருகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட மறுநாள் கேமைத் திறக்கவில்லை. முன்பு இருபது பேருக்கு மேல் திறப்பார்கள். விளையாடும் நேரம் சராசரியாக 11 வினாடி, என் கேமில் பஸ் கிளம்பவே 15 வினாடி ஆகும். பெரும்பாலான இன்ஸ்டால் ராத்திரி 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் வந்தது, அதுவும் இரண்டே இரண்டு போன் மாடல்களில். ஒரு அறையில் வரிசையாக அடுக்கி வைத்த போன்கள் என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. அவரிடம் கேட்டேன். “புது யூசர் அப்படித்தான் ப்ரோ, செட் ஆக டைம் ஆகும்.”

ஜூலையில் ஒரு ஒற்றை நட்சத்திர விமர்சனம் வந்தது. பையன் சில்லறை எண்ணக் கற்றுக்கொள்ளட்டும் என்று போட்டுக் கொடுத்தேன், லெவல் முடிந்தால் ரம்மி விளம்பரம் வருகிறது, வெட்கமாக இல்லையா என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். என் போனில் விளையாடிப் பார்த்தேன், எதுவும் வரவில்லை. தம்பி போனில் விளையாடினேன். ஆறாவது லெவலில் ரம்மி வந்தது, எட்டாவதில் உடனடிக் கடன் தரும் ஆப் ஒன்று வந்தது. குழுவில் இருக்கிற பதினேழு பேரில் யாரும் ரம்மி செய்யவில்லை.

அன்று ராத்திரி திருப்பூர்க்காரரை போனில் பிடித்தேன். இருவரும் அவரவர் டாஷ்போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினோம். என் கேமிலிருந்து அவர் கேமுக்கு 2,900 இன்ஸ்டால் போயிருப்பதாக என் டாஷ்போர்டு சொன்னது. என்னிடமிருந்து அவருக்கு வந்தது 410 என்று அவர் டாஷ்போர்டு சொன்னது. அந்தக் காலத்தில் அவருக்குப் பிளே ஸ்டோர் தேடலில் வந்தவர்களைக் கழித்துவிட்டால், வெளி லிங்க் வழியாக வந்தவர்கள் மொத்தமே 60 சொச்சம் என்றது பிளே கன்சோல். ஒரே விஷயத்துக்கு மூன்று கணக்கு. எதிர்முனையில் அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. “அப்ப நம்ம இடத்தை வெளிய வித்துருக்கான் தம்பி” என்றார் கடைசியில்.

எங்களுக்குப் புரிந்தவரை நடந்தது இதுதான். எங்கள் கேம்களில் இருந்த விளம்பர இடத்தை ரம்மிக்கும் கடன் ஆப்புக்கும் காசுக்கு விற்றார். நாங்கள் சந்தேகப்படாமல் இருக்க, போலி இன்ஸ்டால்களை எங்களுக்குள்ளேயே தூவினார். கிரெடிட்டுக்கு நாங்கள் கொடுத்த பணம் அவருக்கு உபரி.

போலி ஆட்கள் சும்மா வந்துவிட்டுப் போகவில்லை, எனக்கு வருமானம் தரும் கூகுளின் அட்மாப் விளம்பரங்களையும் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜூலை கடைசியில் அட்மாப் என் கணக்குக்கு விளம்பர வரம்பு போட்டது. செல்லாத போக்குவரத்து, அதாவது போலிப் பார்வைகளும் தட்டல்களும் பற்றிய சந்தேகம் என்று காரணம் சொன்னது. அங்கே 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். நான் 94இல் இருந்தேன், கழித்தது போக 31 மிஞ்சியது. ஆகஸ்டில் கேமே போனது. எந்த வயதினருக்கான கேம் என்று பிளே கன்சோல் கேட்ட இடத்தில், நான் 9 முதல் 12 வயது என்ற கட்டத்தையும் டிக் செய்திருந்தேன். குழந்தைகளுக்கான கேம் என்றால், குடும்பக் கொள்கைக்குக் கட்டுப்படுவதாகச் சான்றளித்த விளம்பர எஸ்டிகேக்களை மட்டும்தான் பிளே ஸ்டோர் அனுமதிக்கும். டெலிகிராமில் வந்த ஏஏஆர் எந்தப் பட்டியலிலும் கிடையாது. கூடவே, ஆப் பட்டியல் அனுமதியையும் மின்னஞ்சலில் சுட்டிக்காட்டியிருந்தார்கள். நல்ல காலம், வந்தது நீக்கம்தான், இடைநிறுத்தம் இல்லை. இடைநிறுத்தம் என்றால் கணக்கின் மேலேயே கறுப்புப் புள்ளி விழும்.

குழுவில் ஒருவர் நிலைமை என்னைவிட மோசம். அப்டேட் எல்லாம் நானே போட்டுத் தருகிறேன் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னதை நம்பி, பிளே கன்சோலில் அவருக்கு நிர்வாகி அனுமதி கொடுத்திருந்தார். மூடப்பட்ட ஒரு கணக்கோடு தொடர்புடையது என்று கூகுள் முடிவு செய்தால் நம் கணக்கும் சேர்ந்தே போகும். அந்த நண்பரின் கணக்கு அப்படிப் போய்விட்டது, அதில் இருந்த மூன்று கேம்களும் போயின. மேல்முறையீடு செய்திருக்கிறார். யாருக்கும் நிர்வாகி அனுமதி கொடுக்காதீர்கள், கேம் உங்களுடையதுதான் என்று காட்டும் கையெழுத்துச் சாவிக் கோப்பையும் கொடுக்காதீர்கள். சொந்த மச்சானாக இருந்தாலும் சரி.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். சர்வர் செலவு என்றார், பிறகு ஒரு வாரம் என்றார், பிறகு குழுவையே அழித்துவிட்டு வெளியேறினார். குழுவோடு, ராத்திரி ஒரு மணிக்கு அனுப்பிக்கொண்ட பிழை வீடியோக்களும் போயின. எட்டு பேர் சேர்ந்து சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைத்து, சைபர் குற்றத் தளத்திலும் பரிவர்த்தனை எண்களோடு புகார் பதிவு செய்திருக்கிறோம். நாமே விரும்பி அனுப்பிய பணம், சேவைக்கான கட்டணம் என்று அவர் சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது. அதனால் பெரிய நம்பிக்கை இல்லை. ஸ்கிரீன்ஷாட்களை அன்றன்றைக்கே எடுத்து வைத்திருந்தால் இன்னும் வலுவாக இருந்திருக்கும், டாஷ்போர்டு இப்போது திறப்பதே இல்லை.

எஸ்டிகேயை எடுத்துவிட்டு, விளம்பரங்களையும் குழந்தைகளுக்கு ஏற்றபடி சரிசெய்து, கேமை மறுபடி ஏற்றினேன். செப்டம்பரில் அனுமதி கிடைத்தது.

கூட்டு விளம்பரமே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஐந்து பேர் இப்போதும் செய்கிறோம், எஸ்டிகே இல்லாமல். கேமின் முகப்பில் ஒரு மூலையில் நண்பரின் கேம் படம் ஒன்று, தொட்டால் பிளே ஸ்டோர் திறக்கும், அவ்வளவுதான். அந்த லிங்க்கின் வாலில் ரெஃபரர் என்ற பகுதியில் அவரவர் பெயரைச் சேர்த்துவிடுகிறோம். யார் வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்பதை, ஆட்கள் வந்து சேர்கிற கேமின் பிளே கன்சோலே சொல்லிவிடும். மாதம் முதல் தேதி அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட வேண்டும். போன மாதம் எனக்கு மொத்தம் 71 பேர் வந்தார்கள், அதில் 40 பேரை அனுப்பியது யாழ்ப்பாணத்துச் சொல் விளையாட்டு. முந்நூறு எங்கே, எழுபத்தொன்று எங்கே. ஆனால் இந்த எழுபத்தொரு பேரும் ஐந்நூறு ரூபாய் பெரியவரைத் திட்டுகிற அளவுக்காவது விளையாடுகிறார்கள்.

ஒருங்கிணைப்பாளர் வேறு பெயரில் வேறு குழுக்களில் சுற்றுவதாகக் கேள்விப்பட்டேன். ஹம்பிள் பண்டில் கதை, 25 இடத்தில் 21 முடிந்தது, சொந்த யுபிஐ ஐடி, டெலிகிராமில் ஏஏஆர். இந்த நான்கும் ஒன்றாக வந்தால் அவராகத்தான் இருக்கும்.

அந்த அம்மாவின் ஒற்றை நட்சத்திரம் இன்னும் என் பக்கத்தில் இருக்கிறது. நடந்ததை எழுதி, மன்னிப்பும் கேட்டுப் பதில் போட்டேன். அவர் மாற்றவில்லை. மாற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை.