மார்ட்டினிக்கு எந்த வொட்கா: உள்நாட்டுச் சரக்கா, அப்சலூட்டா?

திருகோணமலையில் வீட்டிலேயே மார்ட்டினி கலக்க இரண்டு வழி: உள்நாட்டு வொட்கா, அல்லது வரி விலையை ஏற்றிவிட்ட அப்சலூட். அப்சலூட் சுவீடனின் குளிர்காலக் கோதுமையில் செய்தது, 40 சதவீதம். லேசான தானிய வாசனையோடு மெதுவாக இறங்கும். மார்ட்டினியில் வொட்காவை மறைக்க ஜூஸோ சோடாவோ இல்லை, கொஞ்சம் வெர்மூத் (மூலிகை வாசனை ஏற்றிய வைன்) மட்டும்தான். அதனால் வித்தியாசம் தெரியும்.

உள்நாட்டுப் போத்தல் முதல் மிடறில் தொண்டையைச் சுரண்டும். சரி, ஓரிரவு ஃப்ரீசரில் வையுங்கள் (உறையாது, பயம் வேண்டாம்), கிளாஸையும் கூடவே. நம்மூர் வெக்கையில் ஐஸ் சட்டென்று கரையும். அரை நிமிடம் கிளறினால் போதும், காரம் அடங்கிவிடும். வெர்மூத்தைச் சற்றுக் கூட்டி, தேசிக்காய்த் தோலைப் பிழிந்தால் இன்னும் நல்லது.

நாலு பேர் வந்தால் நான் உள்நாட்டையே எடுப்பேன். எதுவானாலும் போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறை) முதல் நாளே வாங்குங்கள், அன்று கடை பூட்டு.