பெட்டியில் இருந்த கீறல்கூட அச்சடித்தது! பழைய தகர பொம்மை வாங்குகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து மாதச் சேமிப்பு போய்விட்டது, ஒரு தகர பொம்மைக்காக. பழைய பொம்மைகள் சேர்க்கிறவர்களுக்கு இந்த வலி புரியும். மற்றவர்கள் "ஒரு பொம்மைக்கா இவ்வளவு?" என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

சாவி கொடுத்தால் ஓடும் மோட்டார் சைக்கிள்காரன், ஜெர்மனியில் நியூரம்பர்க்கில் 1920களில் செய்தது என்று விளம்பரம். நியூரம்பர்க் என்றாலே எங்களுக்குக் காது விடைத்துக்கொள்ளும், பிங், ஷூக்கோ என்று பெரிய பெரிய பொம்மைக்காரர்கள் இருந்த ஊர். அதுவும் பெட்டியோடு! பொம்மையாவது தேடினால் கிடைத்துவிடும், அதன் அட்டைப் பெட்டி கிடைப்பதுதான் அபூர்வம். குழந்தைகள் முதலில் கிழித்துப் போடுவதே பெட்டியைத்தானே. அதனால்தான் பெட்டி இருந்தால் விலை பல சமயம் இரண்டு மடங்காகிவிடும். பழம்பொருட்களை ஏலம் விடுகிற ஒரு இணையதளத்தில் இது வந்திருந்தது.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. பத்து நாள் அதை விற்கிற ஆளிடம் பேசினேன். கேட்ட படமெல்லாம் அனுப்பினார், சாவி கொடுத்து ஓடவிட்டு வீடியோவும் அனுப்பினார். ஆனால் நான் விழுந்த இடம் அது இல்லை. ஒரு நாள் அவராகவே, "தம்பி, ஒரு விஷயம் சொல்லிடணும், ஹேண்டில் பார் பக்கம் பெயின்ட் போயிருக்கு, பெட்டியோட மூலையில ஒரு கீறல் இருக்கு, பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார். கேட்காமலே குறையைச் சொல்கிற ஆள் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். அந்த ஒரு வார்த்தையில் மனசு இளகிவிட்டது. அதற்குப் பிறகு நான் எதையுமே சோதிக்கவில்லை. "பொருளோட அருமை தெரிஞ்சவங்க கையில போனா போதும் தம்பி" என்று வேறு சொன்னார். ஐந்து மாதச் சேமிப்பை அன்றைக்கே கட்டினேன்.

பார்சல் வந்தது. அலமாரியின் நடுத்தட்டை இதற்காகவே காலி செய்து வைத்திருந்தேன், வெயில் படாத இடம், சிவப்பு நிறம் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால். பெட்டியைப் பின்னால் சாய்த்து, முன்னால் வண்டியை வைத்து, மேலே சின்ன எல்இடி விளக்கு போட்டு, மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாள்தான் என்னைக் கெடுத்தது, அப்புறம் சொல்கிறேன்.

நாலாம் நாள் மெல்லிய பிரஷால் தூசி தட்டும்போது பெட்டி மூலையில் இருந்த அந்தக் கீறல் மேல் விரல் பட்டது. வழவழவென்று இருந்தது. நகத்தால் வருடிப் பார்த்தேன், எங்கேயும் தட்டவில்லை. கீறல் இருக்கிறது, பள்ளம் இல்லை! லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தால் அந்தக் கீறலே குட்டிக் குட்டிப் புள்ளிகளால் ஆனது. எங்கோ இருக்கிற அசல் பெட்டியை ஸ்கேன் செய்து, அதன் கீறல், கறை, மடிப்பு எல்லாவற்றையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். அவர் "நேர்மையாக" சொன்ன குறையே போலி.

கை நடுங்கியது. வண்டியையும் லென்ஸில் பார்த்தேன். அந்தக் காலத்துத் தகர அச்சில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக ஒற்றுவார்கள், பரப்பு நிறைந்து இருக்கும். நிழல் காட்டப் புள்ளி வைத்திருந்தாலும் அது கையால் வைத்தது, ஒழுங்கில்லாமல் இருக்கும். இதில் ஓட்டுபவனின் கன்னத்தில்கூட இன்றைய பத்திரிகைப் படம் மாதிரி நாலு நிறப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கின்றன. பாகங்களைக் கோக்கிற தகர நாக்குகளை மடித்த இடத்தில் உள்பக்கம் புதுத் தகரம் பளபளக்கிறது. அடியில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ, தலையில் கூட்டல் குறி போட்டது. அந்த வகை ஸ்க்ரூவுக்கு ஹென்றி பிலிப்ஸ் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியதே 1936ல்! 1920களின் பொம்மைக்குள் அது எப்படி வரும்? அடியைத் திருப்பி ஒரு படம் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கேட்கவில்லை நான்.

சரி, பணத்தைத் தளத்தின் வழியாகத்தானே கட்டினோம், திரும்பக் கிடைக்கும் என்று நம்பினேன். அந்த ஆளுக்கு எழுதினேன். முதல் பதில்: "படத்துல எல்லாம் தெளிவா இருக்கே." இரண்டாவது: "நானே இன்னொருத்தர்கிட்ட வாங்கினதுதான், எனக்கு எப்படித் தெரியும்?" மூன்றாவது பதில் வரவே இல்லை. தம்பி என்று கூப்பிட்ட வாய் அது.

தளத்தில் புகார் போட்டால், பொருள் கைக்கு வந்து மூன்று நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். நான் அலமாரி முன்னால் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்த அதே மூன்று நாள். சண்டை போட்ட பிறகு, நிபுணர் ஒருவரின் எழுத்துச் சான்று அனுப்புங்கள் என்றார்கள். அலைந்து திரிந்து அதையும் வாங்கி அனுப்பினேன். "விளம்பரத்தில் உள்ள விவரத்தோடு பொருள் ஒத்துப்போகிறது" என்று பதில். என்னடா என்று விளம்பரத்தைத் திறந்தால், '1920கள்' என்று இருந்த இடத்தில் 'பழைய பாணி' என்று மாறியிருக்கிறது. பழைய விளம்பரத்தை நான் படம் எடுத்து வைக்கவில்லை. நேற்று மாலை புகாரை மூடிவிட்டார்கள். ஐந்து மாதச் சேமிப்புக்கு இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல், கீழே "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

போலி பொம்மை செய்வதை நான் குறை சொல்லவில்லை. நகல் என்று சொல்லி நகல் விலைக்கு விற்றால் நானே ஆசையாக வாங்கி வைப்பேன். அசல் என்று சொல்லி ஐந்து மாதச் சேமிப்பைப் பிடுங்குவதுதான் வயிறு எரிகிறது.

வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். அடிப்பக்கமும் மடிப்புகளும் தெரிகிற மாதிரி படம் கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். விளம்பரத்தை அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பொருள் வந்த அன்றே லென்ஸ் வையுங்கள், அலமாரியெல்லாம் அப்புறம். புற ஊதா டார்ச் இருந்தால் இருட்டில் பெட்டி மேல் அடித்துப் பாருங்கள், காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலானது, பெட்டி நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள்.

இன்று காலை அதே ஆள் இன்னொரு மோட்டார் சைக்கிள்காரனை ஏலத்துக்குப் போட்டிருக்கிறார், பெட்டியோடு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கக் கீழ் மூலை, அதே நீளம், அதே வளைவு, அதே கீறல். இப்போதைக்கு இரண்டு பேர் விலை கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் நீங்களாக இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள்.