இறுக்கிக் கொடுத்த ஸ்டியரிங்: பழைய இம்பாலா, கேலக்ஸி வைத்திருப்பவர்களுக்கு எச்சரிக்கை

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் பழைய பெரிய அமெரிக்க வண்டி வைத்திருக்கும் நம்மவர்கள் இதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்து ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் இறங்குகிற வண்டி அது.

விஷயம் இதுதான். எங்கள் 1962 செவர்லே இம்பாலாவுக்கு, பவர் இல்லாத வலப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கு, முன்பக்கத்தை முழுதாகப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லி ஒரு வொர்க்‌ஷாப் 38,500 ராண்ட் வாங்கியது. பில்லில் பால் ஜாயிண்ட், புஷ், டை ராட் எண்ட், ஐட்லர் ஆர்ம், ஸ்டியரிங் பாக்ஸ் ரிப்பேர், வீல் அலைன்மென்ட் எல்லாம் இருந்தன. திரும்பி வந்த வண்டியில் ஸ்டியரிங் ஆட்டம் போயிருந்தது. ஆனால் வளைவில் திருப்பிக் கையை விட்டால் ஸ்டியரிங் நேருக்குத் திரும்பவில்லை, திருப்பின இடத்திலேயே நின்றது. நேர் ரோட்டில் இடப்பக்கம் இழுத்தது. அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது.

முதலில் ஸ்டியரிங் பாக்ஸ். ஏமாற்றுகிறவர்களுக்கு மிகச் சுலபமான இடம் இதுதான். பாக்ஸின் மேலே ஒரு திருகும் அதைப் பூட்டும் நட்டும் இருக்கும். நட்டைத் தளர்த்தித் திருகை முக்கால் சுற்று உள்ளே இறக்கினால் ஆட்டம் உடனே மறைந்துவிடும். ஐந்து நிமிட வேலை. உள்ளே நடப்பது வேறு. இந்த வகை பாக்ஸில் ஸ்டியரிங்கோடு சுற்றும் புரியிட்ட வார்ம் தண்டின் மேல் குண்டுகள் வழியாக ஒரு நட்டு ஓடும். அதன் பற்கள், சக்கரங்களைத் திருப்பும் செக்டர் தண்டின் பற்களோடு சேரும். நேராகப் போகும்போது மட்டும் பற்கள் இறுக்கமாகச் சேர்ந்து, திருப்பும்போது கொஞ்சம் தளர வேண்டும் என்றே அதை அமைத்திருக்கிறார்கள். நாற்பது ஐம்பது வருடம் ஓடின பாக்ஸில் தேய்மானம் நடுவில்தான் அதிகம். அந்தத் தேய்மானத்தைத் திருகால் மறைத்தால் பற்கள் ஒன்றையொன்று கடிக்கும். ஸ்டியரிங் திரும்பி வராது, மிச்சம் இருக்கிற உலோகமும் உதிரும்.

கண்டுபிடிப்பது எளிது. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பாக்ஸிலிருந்து வெளியே வரும் பிட்மேன் ஆர்மிலிருந்து, சக்கரங்களுக்குப் போகும் லிங்கைக் கழற்றிவிட்டு, இரண்டே விரலால் ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். நடுவுக்கு வரும்போது ஒரு கட்டை விழுவதுபோல் தடுத்தால் திருகை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கழற்றின நிலையில் இரு கோடிக்கும் வேகமாகக் கொண்டுபோய் மோதவிடாதீர்கள். உள்ளே குண்டுகள் ஓடும் குழாய் நசுங்கும்.

சரியான வேலை இப்படி. திருகை முதலில் முழுதாகத் தளர்த்த வேண்டும். பிறகு வார்ம் பேரிங்கின் இறுக்கத்தை அதற்கான அட்ஜஸ்டரில் வைக்க வேண்டும். கோடிக்குக் கோடி சுற்றுகளை எண்ணிப் பாதியில் நிறுத்தினால் அதுதான் உண்மையான நடு. அங்கே வைத்துத்தான் செக்டர் திருகைத் தொடலாம். ஸ்டியரிங் வளையத்தில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, அந்த மாடலின் வொர்க்‌ஷாப் மேனுவல் சொல்லும் அளவுக்கு வரும்வரை பார்க்க வேண்டும். தராசும் மேனுவலும் இல்லாத இடத்தில் பாக்ஸைத் திறக்கவே விடாதீர்கள். அளவுக்கு வைத்த பிறகும் வளையத்தில் 25 மி.மீ. வரை ஆட்டம் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, பழைய பாக்ஸுக்கு அது இயல்பு.

அடுத்தது பால் ஜாயிண்ட். சக்கரத்தைத் தாங்கும் மேல் கை, கீழ் கை என்ற இரண்டு சஸ்பென்ஷன் ஆர்ம்களின் நுனியில் இருக்கும் உருண்டை மூட்டு அது. இந்த வண்டிகளில் மேல் பால் ஜாயிண்டை ஃபேக்டரியில் ரிவிட் அடித்துப் பொருத்தினார்கள். மாற்றுப் பாகம் போல்ட், நட்டோடு வரும். ஆகவே மேல் கையில் ரிவிட் தலை தெரிந்தால் அந்த ஜாயிண்ட் 1962-லிருந்து அப்படியே இருக்கிறது. எங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் ரிவிட்தான் இருந்தது, மேலே பளபளவென்று கறுப்பு பெயிண்ட். கிரீஸ் நிப்பிளின் குண்டு மேலேயும் அதே பெயிண்ட் படிந்திருந்தது, காட்டர் பின்னின் வளைவிலும் நட்டின் பள்ளத்திலும் பெயிண்ட் உடையவில்லை. நட்டைக் கழற்றி மாட்டியிருந்தால் பெயிண்ட் உடைந்திருக்கும், பின் புதிதாக இருந்திருக்கும். நான்கு ஜாயிண்டுக்குக் காசு வாங்கி ஒன்றைக்கூட மாற்றவில்லை.

கீழ் ஜாயிண்டைச் சோதிக்க ஜாக்கைக் கீழ் கையின் அடியில், ஜாயிண்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஃபிரேமில் ஜாக் வைத்தால் ஸ்பிரிங் கையைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும், தேய்ந்த ஜாயிண்ட்கூட நல்லது மாதிரித் தெரியும். டயருக்கு அடியில் கடப்பாரை விட்டு மேலே நெம்பிப் பாருங்கள். பாக்ஸுக்கு எதிர்ப்பக்கத்தில் ஸ்டியரிங் லிங்கைத் தாங்கும் ஐட்லர் ஆர்மைக் கையால் மேலும் கீழும் தள்ளுங்கள். ஒரு பக்கம் 3 மி.மீ.க்கு மேல் அசைந்தால் மாற்ற வேண்டியதுதான். எங்களுடையதில் விரல் நுழையும் அளவுக்கு ஆடியது. அந்த ஆட்டத்தை மறைக்கத்தான் பாக்ஸை இறுக்கியிருக்கிறார்கள்.

சஸ்பென்ஷன் ஆர்ம்கள் ஃபிரேமோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்களை மட்டும் மாற்றியிருந்தார்கள், அதையும் கெடுத்து. ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் இறுகும்போது எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. சக்கரம் தொங்கும்போது நட்டை இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுகியே கிடந்து சீக்கிரம் கிழியும். நட்டுகளை விரல் இறுக்கத்தில் விட்டு, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முன்பக்கத்தை இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட்டு, அதன் பிறகே இறுக்க வேண்டும்.

ஸ்பிரிங்கை கேஸ் டார்ச்சால் சூடாக்கி வண்டியைத் தாழ்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். சூடுபட்ட எஃகு பதம் இழந்து, ஒரு பக்கம் அதிகமாக உட்காரும்.

அலைன்மென்ட் சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதை வாங்கி அப்படியே டாஷ்போர்டில் போட்டுவிடுகிறார்கள். டோ என்பது மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு. காஸ்டர் என்பது பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு. எங்கள் சீட்டில் டோ மட்டும் அழகாக இருந்தது. காஸ்டர் இடது +0.2 டிகிரி, வலது +1.4, கேம்பர் இடது +0.6, வலது -0.1. காஸ்டர் குறைந்த பக்கம் வண்டி இழுக்கும், கேம்பர் கூடின பக்கமும் இழுக்கும். இரண்டும் இடது. போதாததற்கு நம் ரோடும் இடப்பக்கம் சரிந்திருக்கிறது.

இந்த ஃபிரேமில் காஸ்டர், கேம்பர் இரண்டையும் மேல் கையின் தண்டுக்குப் பின்னால் இருக்கும் ஷிம் தகடுகளால் வைக்கிறோம். இரண்டு போல்ட்டிலும் சமமாகக் கூட்டிக் குறைத்தால் கேம்பர் மாறும். ஒன்றில் எடுத்து மற்றதில் போட்டால் காஸ்டர் மாறும். எங்கள் ஷிம்களில் பழைய துருவும் மண்ணும் கலையாமல் இருந்தன. பக்கியும் (பிக்கப் வண்டி) டாக்ஸியும் மட்டும் பார்த்துப் பழகின கடைகள் டை ராடைத் திருப்பி டோ வைத்துவிட்டு அனுப்பிவிடுகின்றன.

அந்தக் காலத்து அளவுகள் அப்போதைய டயருக்கு, பூஜ்யத்தை ஒட்டிய காஸ்டருக்கு எழுதியவை. ரேடியல் டயருக்கு அதை வைத்தால் நெடுஞ்சாலையில் வண்டி அலையும். பவர் ஸ்டியரிங் இருந்தால் +3 டிகிரி வரை கேளுங்கள். இல்லாவிட்டால் +1.5 முதல் +2 போதும், அதற்கு மேல் பார்க்கிங்கில் கை வலிக்கும். கேம்பர் பூஜ்யத்திலிருந்து -0.5 வரை, டோ-இன் மொத்தம் 1.5 முதல் 3 மி.மீ. ரோட்டின் சரிவைச் சமாளிக்க இடது காஸ்டர் வலதைவிட அரை டிகிரி கூட இருக்கட்டும். அமெரிக்கக் கணக்கில் இது தலைகீழ், அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். அந்தக் கணக்கை அப்படியே வைக்கிற கடை உங்கள் வண்டியை நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போகும்.

பின்பக்கத்தையும் விடாதீர்கள். 1959 முதல் 1964 வரையிலான இம்பாலா போன்ற பெரிய செவர்லே வண்டியில் பின் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்து நிற்பது பான்ஹார்ட் ராட். அதன் புஷ் போனால் லேன் மாறும்போது வால் தனியாக ஆடும், ஸ்டியரிங்கில்தான் கோளாறு என்று தோன்றும். அதே கடை இதைப் பார்க்காமலே, அமெரிக்காவிலிருந்து, குறைந்த சுற்றிலேயே சக்கரத்தைத் திருப்பும் வேகமான ஸ்டியரிங் பாக்ஸ் வரவழைத்து பிராக்கெட் வெல்டு செய்து போடலாம் என்று இன்னொரு மதிப்பீடும் கொடுத்தது. அது இடப்பக்க ஸ்டியரிங் பாக்ஸ். போல்ட் ஓட்டை, பிட்மேன் ஆர்ம் கோணம், தண்டின் பாதை எதுவும் நம் ஃபிரேமோடு நேராகச் சேராது. ஜெனரல் மோட்டார்ஸ் 1926-ல் போர்ட் எலிசபெத்துக்கு வந்து 2017-ல் நாட்டை விட்டே போய்விட்டது. வலப்பக்கப் பாக்ஸ் கிடைப்பது கஷ்டம்தான். அதற்காக இந்த வண்டியின் எக்ஸ் வடிவ ஃபிரேமில் தெரியாதவர் கையால் வெல்டு வைக்கவிடாதீர்கள். உங்கள் பாக்ஸையே பேரிங், குண்டு, சீல் மாற்றிச் சீராக்குங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி மதிப்பீட்டுக்கு உங்கள் ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்கு மேல் கேட்காமல் வசூலிக்கக் கூடாது. 57-ஆம் பிரிவு பொருத்தின பாகத்துக்குக் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. 67-ஆம் பிரிவு, நீங்கள் வேண்டாம் என்று சொல்லாதவரை, கழற்றின பழைய பாகங்களைத் தனியாக வைத்து உங்களிடம் திருப்பித் தரச் சொல்கிறது. வண்டி விடும்போதே ஜாப் கார்டில் “பழைய பாகம் அனைத்தும் வேண்டும்” என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொரு ஜாயிண்டையும் ஷிம்மையும் போட்டோ எடுத்து, மாற்ற வேண்டிய பாகத்தில் சென்டர் பஞ்ச்சால் ஒரு புள்ளி அடித்துவிடுங்கள்.

எங்களிடம் பழைய பாகம் கேட்டபோது “தூக்கிப் போட்டுட்டோம்” என்றார்கள். ரிவிட் வண்டியிலேயே இருக்கிறது! குறைகளைப் பட்டியலிட்டு முதலில் வொர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் கொடுங்கள், சரிசெய்ய நியாயமான அவகாசமும் கொடுங்கள். பதில் இல்லையென்றால் மோட்டார் இண்டஸ்ட்ரி ஆம்பட்ஸ்மேனிடம் (வாகனத் துறைக் குறைதீர்ப்பாளர்) புகார் செய்யலாம். ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் வக்கீல் கிடையாது. 2019-ல் அதன் வரம்பு 20,000 ராண்ட் ஆனது. அதற்கு மேல் இருக்கிற தொகையை விட்டுக்கொடுத்தால் அங்கேயும் போகலாம். புகாரோடு பில், ஜாப் கார்டு, அலைன்மென்ட் சீட்டு, ரிவிட் தெரியும் போட்டோ ஆகியவற்றையும், வேறொரு மெக்கானிக் கையெழுத்திட்ட ஒரு பக்க அறிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள். கோளாறு சரியாகும்வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள், அறிக்கை கைக்கு வரும்வரை எந்த நட்டையும் நீங்களே கழற்றவும் வேண்டாம்; புகார் செய்வதானால் லிங்கைக் கழற்றிப் பார்க்கும் சோதனையையும் அந்த மெக்கானிக்கே செய்யட்டும்.