வீடு தேடி வரும் நடத்தைப் பயிற்சி: ஒன்பது மாத அனுபவம்

ஆட்டிசம் உள்ள எங்கள் மகனுக்கு நான்கரை வயது. கடந்த ஒன்பது மாதங்களாகப் புதுச்சேரியிலுள்ள ஒரு நிறுவனத்தின் பயிற்சியாளர், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் வீட்டுக்கே வந்து அவனுக்கு நடத்தைப் பயிற்சி அளித்து வருகிறார். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம், அமர்வுக்கு 700 ரூபாய். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முன்பு அவனைப் பேருந்தில் ஒரு மையத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கே கேட்ட பட அட்டையைச் சரியாக எடுத்துக் கொடுத்தவன், அதே அட்டையை வீட்டில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரிடத்தில் கற்றதை வேறிடத்தில் பயன்படுத்துவது இத்தகைய பிள்ளைகளில் பலருக்குக் கடினம். வீட்டுப் பயிற்சியை நாங்கள் நாடியதற்கு இதுவே காரணம்.

வந்த முதல் மூன்று நாள் பயிற்சியாளர் எதையும் கற்பிக்கவில்லை. அவன் அழுவதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பலனாக அவனுக்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும் மூன்று பத்திகளாக நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரையே படமெடுத்து அட்டையாக்கி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். அதுவரை தாகமெடுத்தால் என் கையைப் பிடித்து அடுப்பங்கரைக்கு இழுப்பதே அவன் வழக்கம். பேரன் அந்தப் பக்கம் திரும்பினாலே டம்ளரோடு நிற்பது என் மாமியாரின் வழக்கம். “பாட்டி, அவன் கேக்கறதுக்கு இடம் விடுங்க, அஞ்சு எண்ணிட்டுக் குடுங்க” என்றார் பயிற்சியாளர். மாமியார் வாய்விட்டே எண்ணினார். ஆறாவது வாரம் அட்டையை நீட்டக் கற்ற மகன், ஐந்தாம் மாதத்தில் தாகத்துக்குச் சொன்ன முதல் சொல் “அஞ்சு”. சிரித்துக்கொண்டே அதையும் ஏற்றுத் தண்ணீர் கொடுத்து, படிப்படியாக அதைத் “தண்ணி” ஆக்கியது பயிற்சியாளரின் திறமை.

கைப்பேசிக்காக அவன் கத்தும்போது கண்டுகொள்ள வேண்டாம் என்ற நிறுவனத்தார், கத்தல் குறைவதற்கு முன் சில நாள் பலமடங்கு கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டவே, என் கணவர் கைப்பேசியைக் கொடுத்துவிட்டார். நெடுநேரம் கத்தினால் கிடைக்கும் என்ற பாடத்தை நாங்களே கற்பித்ததாயிற்று. அதைத் திருத்த ஒரு மாதமானது.

ஒன்பது மாதத்தில் ஒருவர் பின் ஒருவராகப் பயிற்சியாளர்கள் மூன்று பேர் வந்தார்கள். இரண்டாமவர் நோட்டை ஒப்படைக்காமலே விலகியதால் இரண்டு வாரம் வீணானது. மூன்றாமவர் வந்த புதிதில், மகிழ்ச்சி வந்தால் மகன் கையை உதறுவதையும் நிறுத்த முயன்றார். யாருக்கும் தீங்கில்லாத அந்த அசைவை அடக்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை என்றோம், ஏற்றுக்கொண்டார்.

நிறுவனத்தின் துண்டறிக்கை வாரம் 40 மணி நேரப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. அந்த எண் அமெரிக்க உளவியலாளர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருவது. அதில் தீவிரப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் பெரும் முன்னேற்றம் கண்டதைத் துண்டறிக்கை சொல்கிறது. யாருக்குத் தீவிரப் பயிற்சி, யாருக்கு இல்லை என்று பிள்ளைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்று பின்னர் எழுந்த விமர்சனத்தைச் சொல்லவில்லை. எங்கள் கட்டணப்படி 40 மணி நேரத்துக்கு வாரம் 18,000 ரூபாய்க்கு மேல் ஆகும். எந்தக் குடும்பத்தை மனத்தில் வைத்து அச்சடித்தார்களோ!

இந்தச் சேவையை எடுக்க நினைப்பவர்கள், வருபவர் சிறப்புக் கல்வியாளர் என்றால் அத்தகையோரைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எங்களுக்கு முதலாமவருடையதை உடனே காட்டினார்கள். மூன்றாமவருடையதற்கு இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். ரசீதையும் முறையாகக் கேளுங்கள். ஆட்டிசம் போன்ற குறைபாடுள்ளோருக்காக மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை பெறலாம், அதில் ஒரு பகுதி தெரபிச் செலவுக்கும் உண்டு. ஆனால் முதல் நான்கு மாதம் எங்களுக்குக் கிடைத்தவை வெறும் துண்டுச் சீட்டுகளே. குறிப்பு நோட்டு எங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டித்திருக்கிறோம்.