நீளம்தான் காரணமா? ‘கோப்ரா’வும் ‘ராட்சச’னும்

2022 ஆகஸ்ட் 31-ல் வெளியான விக்ரமின் ‘கோப்ரா’ படம் மூன்று மணி நேரத்தைத் தாண்டியது. முதல் நாள் பார்த்தவர்கள் எல்லோரும் நீளத்தைப் பற்றியே புலம்ப, அவசர அவசரமாக 20 நிமிடத்தை வெட்டினார்கள். ஆனால் 2018-ல் வந்த ‘ராட்சசன்’ சுமார் 170 நிமிடம் ஓடும். வெட்டிய ‘கோப்ரா’வைவிட அது நீளம்! அதைப் பார்த்துவிட்டு இழுவை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

‘கோப்ரா’ மேல் வைத்த எதிர்பார்ப்பு நியாயமானதுதான். விக்ரம், ஏ.ஆர்.ரஹ்மான், ‘டிமான்ட்டி காலனி’யும் ‘இமைக்கா நொடிகள்’ படமும் கொடுத்த அஜய் ஞானமுத்து. போதாததற்கு கிரிக்கெட் வீரர் இர்பான் பதான் முதன்முறையாக நடிகராக, இன்டர்போல் அதிகாரி வேடத்தில். கொரோனாவால் ரஷ்யப் படப்பிடிப்பு நின்றுபோனது. காத்திருக்கக் காத்திருக்க ஆசையும் வளர்ந்தது. ‘ராட்சச’னுக்கு இந்த ஆரவாரம் எதுவும் இல்லை. இயக்குநர் ராம்குமார் அதற்கு முன் எடுத்தது ‘முண்டாசுப்பட்டி’ என்ற நகைச்சுவைப் படம்.

‘ராட்சசன்’ ஆரம்பத்தில் ஒரு அறைச்சுவர் வருகிறது. சினிமா எடுக்கத் துடிக்கும் அருண், சைக்கோ கொலைகாரர்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்து அதில் ஒட்டி வைத்திருக்கிறான். தயாரிப்பாளர்கள் கைவிரிக்க, குடும்பத்துக்காக எஸ்.ஐ. ஆகிறான். பள்ளி மாணவிகள் கொல்லப்படும்போது அந்தச் செய்திகள்தான் அவனுக்குத் துப்புக் கொடுக்கின்றன. அந்தச் சுவரை நாமும் பார்த்திருக்கிறோம். அதனால் மேலதிகாரி அவன் பேச்சைத் தட்டிக்கழிக்கும்போது நமக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அப்புறம் கொலைகாரன் விட்டுச்செல்லும் அந்தப் பரிசுப் பெட்டி. வண்ணக் காகிதம் சுற்றியிருக்கும், உள்ளே சிதைத்த பொம்மைத் தலை. ஒருமுறை திறந்து காட்டிவிட்டார்கள். அதன்பின் பெட்டியைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. ஜிப்ரானின் இசையும் சும்மா விடுவதில்லை.

‘கோப்ரா’வில் நாயகன் மதி கணித மேதை. அவன் செய்யும் கொலைகளில் கணக்கு ஒளிந்திருப்பதாக ஒரு மாணவி அதிகாரிக்கு விளக்குகிறாள். நாம் கேட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். சேர்த்துப் பார்க்க நம் கையில் ஒரு துண்டும் இல்லை. கணக்கே இந்தப் படத்தின் உயிர் என்று நம்பிப் போன எனக்கு அது பெரிய ஏமாற்றம். இடைவேளையில் வரும் திருப்பம் நன்றாகவே இருக்கிறது. அதற்குப் பிறகு அண்ணன் தம்பி பின்கதை, காதல், கார்ப்பரேட் வில்லன் என்று கதை நாலாபக்கமும் ஓட, அந்தக் கொலைகளில் ஒன்றான ஸ்காட்லாந்து இளவரசர் கொலையே மறந்துபோகிறது.

‘ராட்சச’னிலும் குறை உண்டு. கொலைகாரனின் பின்கதை நீட்டி முழக்கல்தான். சிறுமிகள் படும் வேதனையைக் காட்டுவதில் இன்னும் அடக்கம் வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். இளகிய மனசுக்காரர்கள் கார்த்திக் நரேனின் ‘துருவங்கள் பதினாறு’ பக்கம் போகலாம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இரண்டில் ஒன்று என்றால் ‘ராட்சசன்’தான், யோசிக்கவே வேண்டாம். ஆனால் விக்ரம் ரசிகர்கள் ‘கோப்ரா’வின் அந்த விசாரணை அறைக் காட்சியை மட்டும் தேடிப் பாருங்கள். மதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஆட்கள் சுற்றி நின்று பேசுகிறார்கள். கெஞ்சல், பயம், சிரிப்பு என்று நொடிக்கொரு முகம் மாறுகிறது. இந்த நடிப்புக்குத் தகுந்த திரைக்கதை வாய்க்கவில்லையே என்று மனசு ஆறவில்லை.