ஃபஸ் பெடலுக்கு ஏசி128-ஆ, பிசி107-ஆ?

கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் ஃபேஸ் பெடலைக் கையால் கட்ட உட்காருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே முட்டுச்சந்தில்தான் வந்து நிற்கிறோம். சர்க்யூட் என்னவோ சின்னது. இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், ஃபஸ்ஸுக்கு ஒரு கண்ட்ரோல், வால்யூமுக்கு ஒன்று. டிரான்சிஸ்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ரிச்சி தெருவில் அரை மணி நேரத்தில் வாங்கிவிடலாம். 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் இந்தப் பெடலைக் கொண்டுவந்த காலத்தில் உள்ளே போட்டது என்கேடி275 போன்ற, ஜெர்மேனியத்தால் ஆன பிஎன்பி வகை டிரான்சிஸ்டர்களை. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

மாற்று வழி இரண்டு. ஜெர்மேனியத்தை விடாமல் ஏசி128 என்ற டிரான்சிஸ்டரைத் தேடி அலைவது ஒன்று. பிசி107 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டருக்குத் தாவிவிடுவது இன்னொன்று. நான் இரண்டையும் கட்டி, இரண்டையும் சென்னை வெயிலில் வாசித்தும் பார்த்துவிட்டேன். இப்போது என் காலடியில் இருப்பது சிலிக்கான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒலியைப் பற்றி ரொம்பப் பேச வேண்டியதில்லை. ஜெர்மேனியம் கொஞ்சம் மழுங்கலாக, இதமாக இருக்கும். கிட்டாரின் வால்யூமைச் சற்றே இறக்கினால் ஃபஸ் விலகி ஒலி தெளிந்துவிடும். சிலிக்கானில் கூர்மையும் காரமும் அதிகம். கிட்டார் மேதை ஹெண்ட்ரிக்ஸ் இரண்டு வகையையும் மிதித்தவர், பிங்க் ஃப்ளாய்ட் கிட்டாரிஸ்ட் கில்மோர் வாசித்தது பிசி108 போட்ட பெடலை. ஆக, சிலிக்கான் ஒன்றும் இரண்டாந்தரம் இல்லை. பவர் விஷயமும் அப்படித்தான், ஒரு வரியில் முடியும்: பிஎன்பி ஃபஸ்ஸில் பாசிட்டிவ்தான் கிரவுண்டு, அதனால் மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரைப் பகிர முடியாது, பேட்டரி போட வேண்டும், இல்லை தனி சப்ளை வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது வெயில்.

காயலான் கடையில் இரண்டு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ வாங்கி, அவற்றின் அவுட்புட் பகுதியிலிருந்து நான்கு ஏசி128 கழற்றினேன். அளந்ததில் இரண்டுதான் தேறின. முதல் இடத்துக்குப் போனதன் கெயின், அதாவது பெருக்கும் அளவு, 70 சொச்சம்; கசிவு, அதாவது பேஸில் ஒன்றும் கொடுக்காதபோதும் தானாக ஓடும் கரண்ட், 100 மைக்ரோ ஆம்பியர். (டிரான்சிஸ்டருக்குக் கால்கள் மூன்று: பேஸ், எமிட்டர், கலெக்டர்.) இரவு ஏசி அறையில், 25 டிகிரியில், இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் வரும்படி, திருகினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டரான ப்ரீசெட்டைத் திருகி வைத்தேன். (ட்ரிம்மர் என்று கேட்காதீர்கள், நம் கடைகளில் அதற்குப் பெயர் ப்ரீசெட்.) அன்று வந்த ஒலியைக் கேட்டு, இனி வேறு ஃபஸ்ஸே வேண்டாம் என்று நினைத்தேன். மே மாதத்தில் ஒரு மதியம், ஏசி இல்லாத பயிற்சி அறையில் அதே கலெக்டரில் ஆறரை வோல்ட் காட்டியது. ஸ்வரங்கள் திக்கித் திக்கி வந்து, பாதியிலேயே அறுந்தன. ஐஸ் பெட்டியில் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் இரண்டு பாட்டுக்குத் தாங்கியது. கச்சேரி மேடைக்கு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டா போவது?

இது என் கைக்கோளாறா என்று இரண்டு நாள் குழம்பினேன். கணக்குப் போட்டதும் புரிந்தது. முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் இருப்பது 33கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர். 9 வோல்ட் சப்ளையில் அதன் வழியாக ஓடுவது மொத்தமே சுமார் 250 மைக்ரோ ஆம்பியர்தான். ஜெர்மேனியத்தின் கசிவோ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 25 டிகிரியில் 100 என்றால் 35-இல் 200. நாற்பதைத் தொட்டால் கசிவு மட்டுமே அந்த 250-ஐத் தாண்டிவிடும். அதுவரை 100கே ஃபீட்பேக் ரெசிஸ்டர் பேஸ் கரண்டைக் குறைத்துக் குறைத்து எப்படியோ சமாளிக்கிறது. அதற்குமேல் குறைக்க ஒன்றும் மிச்சமில்லை. இரண்டாவது டிரான்சிஸ்டர் பட்டினி கிடக்கிறது, அதன் கலெக்டர் 9 வோல்ட்டை நோக்கி ஏறுகிறது. லண்டன் குளிரில் இதெல்லாம் பெரிய தொல்லையாகத் தெரிந்திருக்காது.

சிலிக்கானில் கசிவு நானோ ஆம்பியர் கணக்கு, மறந்துவிடலாம். பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் மட்டும் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் குறையும். 20 டிகிரி ஏறினாலும் கலெக்டர் 4.5-இலிருந்து 4.7 பக்கம் நகரும், அவ்வளவுதான். காதுக்குத் தெரியாது.

சரி, எந்தச் சிலிக்கான்? அறுபதுகளிலேயே ஃபஸ் ஃபேஸில் வந்த பிசி108 கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அதன் சொந்த அண்ணன் பிசி107 இருக்கிறது. நம்மூர் என்ஜினியரிங் கல்லூரி லேபில் ஆம்ப்ளிஃபையர் எக்ஸ்பெரிமென்ட் செய்தவர்கள் எல்லாருக்கும் பழகிய அதே சின்ன உலோகத் தொப்பிதான். அது 45 வோல்ட் வரை தாங்கும், 108 அதைவிடக் குறைவாகத் தாங்கும். 9 வோல்ட் பெடலுக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. டீ, பஜ்ஜி செலவுக்குள் கிடைத்துவிடும். கடைசி எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்: ஏ என்றால் கெயின் 110 முதல் 220, பி என்றால் 200 முதல் 450. ஃபஸ்ஸுக்கு ஏ போதும். கெயின் ஏற ஏற இரைச்சலும் ஏறும், வால்யூமை இறக்கினால் தெளிகிற குணமும் போய்விடும். பிளாஸ்டிக் உடம்போடு வரும் பிசி547ஏ-யும் வேலை செய்யும், குறை சொல்ல ஒன்றுமில்லை.

சர்க்யூட்டில் சில மாற்றம் தேவை. இது பிஎன்பிக்கு நேரெதிர் துருவம் கொண்ட என்பிஎன் வகை என்பதால் பேட்டரியையும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களையும் திருப்பிப் போட வேண்டும். அடாப்டர் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது. 470 ஓம் இருந்த இடத்தில் 330, 8.2கே இருந்த இடத்தில் 10கே ப்ரீசெட். என் பெடலில் ப்ரீசெட் 6கே பக்கத்தில் வந்து நின்றது. இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே 100 பிகோஃபாரட் ஒன்றைப் போட்டால் காரம் தணியும். அதைப் போடுவதற்கு முன்பு ஒரு நாள் பெடல் ரேடியோ அலையைப் பிடித்து, என் ஆம்ப்பில் யாரோ செய்தி வாசிப்பது கேட்டது. அப்புறம், பிசி107-இன் உலோகத் தொப்பி உள்ளே கலெக்டரோடு இணைந்திருக்கும். அலுமினியப் பெட்டியில் அது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் ஏசி128-தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் பத்து வாங்கினேன், அதில் ஆறு போலி. மல்டிமீட்டரை டயோடு சோதனையில் வைத்துப் பேஸ்-எமிட்டரை அளந்தால் ஜெர்மேனியம் 0.2 வோல்ட் சுற்றிக் காட்டும், 0.6 காட்டினால் அது பெயர் மாற்றிக்கொண்ட சிலிக்கான். கைகளின் சூட்டிலேயே கசிவு ஏறும், அதனால் விரலால் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள். கெயின் பார்க்க 9 வோல்ட் சப்ளையில் கலெக்டருக்கு 2.47கே, பேஸுக்கு 2.2 மெகா ஓம். பேஸை இணைக்கும் முன் கலெக்டர் ரெசிஸ்டரில் தெரியும் வோல்டேஜ் கசிவுடையது. இணைத்த பின் அதிலிருந்து எவ்வளவு ஏறுகிறதோ அதை நூறால் பெருக்கினால் கெயின். கசிவைக் கழிக்காமல் மல்டிமீட்டரில் கெயின் அளக்கும் எச்எஃப்இ துளையில் செருகிப் பார்த்து ஏமாந்தவன் நான்.

இரண்டையும் கலப்பதும் உண்டு. முதல் இடத்தில் சிலிக்கான் பிஎன்பியான பிசி177, இரண்டாவதில் ஏசி128 என்று ஒன்று கட்டினேன். தொல்லை தருவது முதலாவதன் கசிவுதானே என்ற எண்ணம். ஒலி நன்றாகவே இருந்தது. ஆனால் நான் வாசித்தது டிசம்பர் மாதம் மட்டும்தான், அதை வைத்து யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

முழு ஜெர்மேனியம் பெடல் இப்போது கொடைக்கானலில் ஒரு நண்பனிடம் இருக்கிறது. ஆறு மாதமாகப் ப்ரீசெட்டைத் தொடவே இல்லையாம். திருப்பித் தரட்டுமா என்று போன வாரம் கேட்டான். ஏப்ரல் வருகிறது, அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.