சிக்னல் செயலி போலீஸ் கண்ணிலிருந்து எதுவரை காக்கும்? ஒரு வழக்கறிஞரின் மதிப்புரை

கட்சிக்காரர்களோடு நான் செல்போனில் எழுதிப் பேசுவதெல்லாம் இப்போது சிக்னலில்தான். குமாஸ்தா, ஜூனியர்கள், நான் என்று ஆபீஸ் குரூப்பும் அங்கேதான் இருக்கிறது. தென் மாவட்ட நகரம் ஒன்றில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். ஃபேஸ்புக்கில் போட்ட பதிவு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், குரூப்பில் வந்ததை அப்படியே தட்டிவிட்ட ஃபார்வர்டு, இவற்றுக்காக ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது என்று பதறி வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வருகிறவர்கள் தவறாமல் கேட்பது ஒன்று: "மேடம், சிக்னலுக்கு மாறிட்டா போலீஸ் பார்க்க முடியாதுல்ல?"

அவர்களுக்காகத்தான் இந்த மதிப்புரை. சிக்னல் நல்ல செயலி, போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் போலீஸ் நம்மைப் பார்ப்பது பெரும்பாலும் அது பூட்டி வைத்திருக்கும் கதவு வழியாக அல்ல.

முதலில் அது எதைச் சரியாகச் செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பும் செய்தி உங்கள் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுகிறவர் போனில்தான் திறக்கும். நடுவில் இருக்கும் சர்வரிடம் சாவி கிடையாது. வாட்ஸ்அப்பும் 2016 முதல் இதே சிக்னல் முறையில்தான் செய்திகளைப் பூட்டுகிறது, எனவே அந்த ஒரு விஷயத்தில் இரண்டும் சமம். வேறுபாடு சுற்றியுள்ள தகவல்களில் இருக்கிறது. யார் யாரோடு பேசினார்கள், எந்த குரூப்பில் இருக்கிறார்கள், குரூப்பின் பெயர் என்ன, முகப்புப் படம் என்ன என்பவையெல்லாம் ஒரு விசாரணை அதிகாரிக்குச் செய்தியைவிடப் பல நேரம் அதிகம் பயன்படும். சிக்னல் அவற்றைச் சேர்த்து வைப்பதில்லை. 2016ல் அமெரிக்காவின் கிழக்கு வர்ஜீனியாவில் ஒரு விசாரணைக்காக அதனிடம் பயனர் விவரம் கேட்டு உத்தரவு போனது. அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரங்கள்: கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது சர்வரோடு தொடர்பு கொண்டது. வேறு எதுவும் அவர்களிடம் இல்லை. அதற்குப் பிறகும் இப்படி வந்த உத்தரவுகளையும் தாங்கள் அளித்த பதில்களையும் அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் வாக்குறுதியை நான் நம்புவதைவிட, நீதிமன்ற உத்தரவுக்கு அது என்ன பதில் சொன்னது என்பதைத்தான் பார்ப்பேன். அந்தச் சோதனையில் சிக்னல் தேறுகிறது.

சிக்னலை லாப நோக்கில்லாத ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன் 2018ல் ஐந்து கோடி டாலர் கொடுத்துத்தான் அந்த அறக்கட்டளை உருவானது. 2025 கடைசியில் ஜோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' செயலி பரபரப்பாகப் பேசப்பட்டபோது, நம் ஊர் செயலி இருக்கிறதே என்று பலர் கேட்டார்கள். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அப்போது அதன் எழுத்துச் செய்திகள் சிக்னலைப் போல முனைக்கு முனை பூட்டப்படவில்லை என்பதால், கட்சிக்காரர்களின் ரகசியத்தை அங்கே கொண்டுபோக என் மனம் ஒப்பவில்லை.

இனி போலீஸ் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு வருகிறேன். தமிழ்நாட்டில் மாநகரங்களிலும் மாவட்டங்களிலும் சமூக ஊடகங்களைக் கவனிக்கத் தனிக் குழுக்கள் இருப்பதைக் காவல்துறையே அறிவித்திருக்கிறது. அதற்கு நியாயமான தேவையும் உண்டு. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, உடனே கண்டுபிடித்து மறுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. சாதிக் கலவரத்தைத் தூண்டும் பதிவுகளால் இந்தத் தென் மாவட்டங்களில் ரத்தம் சிந்தியதை நேரில் அறிந்தவள் நான். அப்படிப்பட்ட கண்காணிப்பை நான் எதிர்க்கவில்லை. குடிதண்ணீர் வரவில்லை என்று பஞ்சாயத்துத் தலைவரைத் திட்டிய பையனையும் அதே கண் பார்ப்பதுதான் என் கவலை.

நான் பார்த்த வழக்குகளில், சர்வரிலிருந்து யாரோ செய்தியை இடைமறித்து எடுத்ததாக ஒன்றுகூட இல்லை. அந்த அதிகாரத்துக்குத் தனி நடைமுறை இருக்கிறது, உள்துறைச் செயலர் மட்டத்தில் அனுமதி வேண்டும். பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல், குற்றத்தைக் கண்டுபிடிக்க என்று சொல்லி ஒருவரின் போனை ஒட்டுக்கேட்க முடியாது என்று 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கட்டுக்கட்டாக என் மேஜைக்கு வரும் குற்றப்பத்திரிகைகளில் இருப்பது ஸ்க்ரீன்ஷாட். எல்லோரும் பார்க்கும்படி போட்ட பதிவின் ஸ்க்ரீன்ஷாட்டாக இருக்கும், இல்லையென்றால் அதே குரூப்பில் இருந்த ஒருவர் எடுத்துக் கொடுத்ததாக இருக்கும். புகார் கொடுத்தவர் யாரென்று பார்த்தால் பக்கத்துத் தெருக்காரர், கட்சியில் எதிர் கோஷ்டிக்காரர், சில நேரம் சொந்த மைத்துனர்.

2012ல் புதுச்சேரியில் கார்த்தி சிதம்பரம் பற்றி ட்வீட் போட்ட ஒருவர் கைதானார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அப்போது 16 பேர். போலீஸ் தேடிப் பிடித்த பதிவில்லை அது, புகார் போனதால் வந்த வழக்கு. மகாராஷ்டிரத்தின் கோலாப்பூரில் கல்லூரி ஆசிரியர் ஒருவர், காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்ட ஆகஸ்ட் 5ஐக் கருப்பு நாள் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தார். மத வெறுப்பு வழக்கு பாய்ந்தது. அது தவறு, அரசின் முடிவை விமர்சிக்க அவருக்கு உரிமை உண்டு என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நம் பக்கத்தில், சிறுமலைக்குப் போன படத்தைப் போட்டு, "துப்பாக்கிப் பயிற்சிக்காக" என்று வேடிக்கையாக எழுதிய அரசியல் தொண்டர் மேல் வாடிப்பட்டி போலீஸ் நாட்டுக்கு எதிரான சதி அளவுக்குப் பிரிவுகளைப் போட்டது. அங்கிருந்த மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்ய மறுத்தார், 2021 டிசம்பரில் மதுரைக் கிளை வழக்கையே ரத்து செய்தது. இவர்கள் மூவருமே மறைத்துப் பேசியவர்கள் இல்லை. நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் பேசினார்கள். சிக்னல் இவர்களுக்கு என்ன செய்திருக்க முடியும்?

குரூப்பில் ஒருவர் மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தாலும் இதே கதைதான். பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சாவி குரூப்பில் உள்ள ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் உயர் அதிகாரிகள் ஏமன் மீது குண்டு போடுவதைப் பற்றி சிக்னல் குரூப்பில் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு பத்திரிகை ஆசிரியரை அதில் சேர்த்திருந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. செயலியில் எந்த ஓட்டையும் இல்லை, ஆள் சேர்த்ததில்தான் பிசகு. முந்நூறு பேர் உள்ள ஊர் குரூப்பை அப்படியே சிக்னலுக்கு மாற்றினால் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்த வழி, போன். "சும்மா கொடுங்க, பார்த்துட்டுத் தர்றோம்" என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள். விரலை வைக்கச் சொல்வார்கள். பயந்துபோன பத்தொன்பது வயதுப் பையன் வைத்துவிடுவான். அந்த நொடியில் சிக்னல், வாட்ஸ்அப், கேலரி எல்லாம் ஒன்றுதான். பாஸ்வேர்டைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தலாமா என்பதில் நம் நீதிமன்றங்கள் இன்னும் ஒரே கருத்துக்கு வரவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021ல் ஒரு விதமாகச் சொன்னது, டெல்லி சிபிஐ நீதிமன்றம் 2022ல் வேறு விதமாகச் சொன்னது. இதில் தெளிவான சட்டம் வராதவரை எந்தச் செயலியும் முழுக் கவசம் ஆகாது.

இருந்தும் சிக்னலை ஏன் பரிந்துரைக்கிறேன்? அதன் செட்டிங்ஸில் இருக்கும் சில வசதிகளுக்காக. பலர் செயலியை இறக்கிவிட்டு இவற்றைத் தொடுவதே இல்லை.

மறையும் செய்திகள் என்ற வசதியை எல்லா உரையாடலுக்கும் பொதுவாக இயக்கி வைக்கலாம். நான்கு வாரம், ஒரு வாரம், ஒரு நாள், உங்கள் விருப்பம். என் ஆபீஸில் ஒரு வாரம். வேண்டிய ஆவணத்தைக் கேஸ் கட்டில் சேர்த்துவிடுவோம், மற்றது தானே போய்விடும். ஆனால் ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். இதை இயல்பான பழக்கமாக முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். வழக்கு வந்த பிறகு, நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு அவசரமாக அழித்தால் அது சாட்சியத்தை அழித்த தனிக் குற்றமாகிவிடும். ஒன்றுமில்லாத பதிவு வழக்கில், பயத்தில் எல்லாவற்றையும் அழித்துத் தன் நிலையைத் தானே மோசமாக்கிக்கொண்டவர்களுக்காக நான் முன்ஜாமீன் வாதாடியிருக்கிறேன்.

பூட்டுத் திரையில் பெயரும் செய்தியும் தெரியாமல் வைக்கும் வசதி உண்டு. ஸ்டேஷன் மேஜை மேல் பூட்டிய நிலையில் கிடக்கும் போனில் ஒவ்வொன்றாக வந்து விழும் செய்தியை எதிரில் உட்கார்ந்தவர் படிக்கலாம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. இதை இன்றே மாற்றுங்கள். 2024 முதல் பயனர் பெயர் வசதியும் வந்துவிட்டது, போன் நம்பரைக் காட்டாமலே பேசலாம். போராட்டக் குழுக்களில் பெண்கள் நம்பர் கொடுக்கத் தயங்கியதற்கு இது பெரிய ஆறுதல். இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலையும் அவ்வப்போது பாருங்கள். உங்கள் போன் யாரிடமாவது கொஞ்ச நேரம் திறந்து இருந்திருந்தால், ஒரு கணினியை அதோடு இணைத்துவிட்டு வரும் செய்தியையெல்லாம் அவர்கள் படிக்க முடியும்.

குறைகள் என்று பார்த்தால், கணக்குத் தொடங்கப் போன் நம்பர் கட்டாயம். சிம் வாங்க ஆதாரோ வேறு அடையாளமோ கொடுக்கும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. 2025 நவம்பர் கடைசியில் தொலைத்தொடர்புத் துறை, பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் இத்தகைய செயலிகள் இயங்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. இணைய மோசடியைத் தடுக்க என்பது அரசு சொன்ன காரணம். சிம்மும் செயலியும் இப்படி இறுகப் பிணைக்கப்படுவது எனக்கு நல்லதாகப் படவில்லை. இணையத்தையே நிறுத்தினால் சிக்னலும் நின்றுவிடும். 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் துண்டிக்கப்பட்டதே, அந்த நாட்களில் எந்தச் செயலி இருந்தும் பயனில்லை. இணையம் இல்லாமல் புளூடூத் வழியே பேச உதவும் பிரையர் செயலியை 2023 மேயில் மத்திய அரசு தடை செய்துவிட்டது.

இன்னொரு குறை நம் பக்கம் இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் சிக்னலில் இல்லை. என் கட்சிக்காரரின் அம்மாவுக்கு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்தான் தெரியும். அவரை மாற்றச் சொல்லி நான் வற்புறுத்துவதில்லை. வாட்ஸ்அப்பிலேயே இருப்பவர்கள் கூகுள் டிரைவுக்குப் போகும் பேக்கப்பைப் பூட்டும் வசதியையாவது இயக்கிவிடுங்கள், அது தானாக இயங்குவதில்லை.

யாருக்கு இது அவசியம்? நிருபர்கள், வழக்கறிஞர்கள், சங்கப் பொறுப்பாளர்கள், மணல் கொள்ளை பற்றித் தகவல் உரிமை மனு போடுகிறவர்கள், வீட்டை எதிர்த்துக் காதலிக்கும் சாதி மறுப்பு இணையர்கள். இவர்கள் சிறு வட்டத்தில், ஒருவரையொருவர் அறிந்து, மறையும் செய்தியோடு பேசினால் சிக்னல் மிகச் சிறந்தது. ஊரறியப் பேச விரும்புகிறவர்களுக்குச் செயலி உதவாது, சட்டம்தான் துணை. இணையப் பதிவுகளுக்காகக் கைது செய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015லேயே செத்துவிட்டது. அதற்குப் பிறகும் அதில் வழக்குப் போட்டதைப் பார்த்து, 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் கைவிடச் சொன்னது. 2025 மார்ச்சில், சமூக ஊடகத்தில் கவிதை போட்ட ஒரு எம்.பி. மேல் குஜராத்தில் போட்ட வழக்கை ரத்து செய்தபோது, பேச்சு சம்பந்தமான இத்தகைய புகார்களில் எப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் பூர்வாங்க விசாரணை நடத்துவதே முறை என்றது. குரூப் அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. அதேசமயம் ஃபார்வர்டு செய்தால் ஏற்றுக்கொண்டதாகத்தான் பொருள் என்றும் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதை மறந்துவிடாதீர்கள்.

போனைக் கேட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் அதிகம். வாய்ச்சொல்லுக்குக் கொடுக்காதீர்கள், எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். கைரேகைப் பூட்டை எடுத்துவிட்டு ஆறு இலக்கமாவது உள்ள எண் பூட்டு வையுங்கள். கைப்பற்றினால் மகஜரில், அதாவது கைப்பற்றியதைக் குறிக்கும் பதிவில், போனின் மாடல், அதற்கே உரிய ஐஎம்இஐ அடையாள எண், அப்போது அது அணைந்திருந்ததா இயங்கியதா என்பது வரை எழுதச் சொல்லுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். உள்ளிருக்கும் தகவலின் ஹாஷ் மதிப்பை, அதாவது தகவலில் சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்ணை, குறிக்கச் சொல்லுங்கள், பிறகு அதில் எதுவும் சேர்க்கப்பட்டதா என்று நீதிமன்றத்தில் கேட்க அதுதான் நம் கையில் இருக்கும் பிடி. குறிக்க மறுத்தால் தாமதிக்காமல், மறுத்த விவரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் ஒரு மனு போட்டு வையுங்கள்.